ஆர் சொன்ன?

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு எங்கள் ஊரில் யாரும் கண்ணயரவில்லை. புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருந்தது. கடைசியில் அது நிலத்தைத் தொட்டது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவில். மின்சாரம் போய்விட்டது. கூரை தடதடத்தது. கைத்தொலைபேசியில் மட்டுந்தான் வெளிச்சம். அதில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. நடுங்கும் ஆண்குரல். “கடல் உள்ளுக்கு வருதாம், சுனாமி போலயாம், நம்மட ஆள் ஒருத்தர் உள்ள இருந்து சொன்னவர், எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க.” அதை முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே இறக்கக்கண்டியில் இருக்கும் என் ராத்தாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ராத்தா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார். வாசற்படியில் வழுக்கி விழுந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கும் ஊன்றுகோல் இல்லாமல் அவரால் அந்தப் படியைத் தாண்ட முடியாது. கடல் அன்று அவர் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

விடிந்த பிறகு அந்தக் குரல் யாருடையது என்று தேடினேன். எனக்கு அனுப்பியவர் மச்சான். மச்சானுக்கு வந்தது கிண்ணியாவிலிருந்து. கிண்ணியாக்காரருக்குக் கத்தாரில் வேலை செய்யும் தம்பி அனுப்பியிருக்கிறார். தம்பிக்கு ஏதோ ஒரு குழுமத்தில் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் நூல் அறுந்துவிட்டது. எங்கள் கரையில் கடல் ஏறுகிறது என்ற செய்தி கத்தாருக்குப் போய் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. கடலோ என் வீட்டு வேலியிலிருந்து கூப்பிடு தூரம். நான் எட்டிப் பார்க்கவில்லை.

வாப்பா இருந்திருந்தால் முதலில் ஒன்று கேட்டிருப்பார்: “ஆர் சொன்ன?”

வாப்பா கரைவலை இழுத்தவர். தன் பெயரை எழுதுவார், குர்ஆன் ஓதுவார், அதற்கு மேல் எழுத்து வாசிப்பு இல்லை. ஆனால் ஒரு செய்தி காதில் விழுந்ததும் அதை எடைபோட அவரிடம் ஒரு தராசு இருந்தது. யார் சொன்னது? சொன்னவர் கண்டதா, கேட்டதா? இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்பார். மூன்றாவதை மனதுக்குள் வைத்துக்கொள்வார்: இதைச் சொல்வதால் அவருக்கு வரவா, செலவா?

சம்மாட்டியாரின் பேச்சைக் கரையே நம்பியதற்குக் காரணம் இந்த மூன்றாவது கேள்விதான். சுபஹுத் தொழுகை முடிந்து அவர் மணலில் நின்று கடலைப் பார்ப்பார். காற்று சோளகமா கச்சானா, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீரின் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்துவிட்டு, “இண்டைக்கு வேணாம்” என்பார். வலை அவருடையது, தோணி அவருடையது. வேண்டாம் என்றால் முதல் நட்டம் அவருக்கே. தனக்கு நட்டம் வரும் சொல்லை ஒருவர் சும்மா சொல்லமாட்டார். சந்தேகமான காற்றில் “போகலாம்” என்றாலோ, வயதானவர்கள் ஒரு கண்ணால் அவருடைய சொந்த மகன்மார் தோணியில் ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொள்வார்கள்.

மீன் வாங்க வரும் முதலாளி “கொழும்பில் விலை விழுந்துட்டு” என்றால் அது வேறு கணக்கு. விலை விழுந்தால் ஆதாயம் அவருக்கு. அதே சொல்லை லொறிச் சாரதி சொன்னால் எடுபடும். அவருக்குக் கிடைப்பது எப்படியும் அதே கூலிதான். பருவ காலத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்து வாடி போட்டுத் தங்கும் மீனவர்களிடமும் வாப்பா தன் அரைகுறைச் சிங்களத்தில் விலை விசாரிப்பார். மூன்று வாயிலிருந்து ஒரே விலை வந்தால்தான் தலையசைப்பார்.

இன்னொன்றும் அந்தத் தராசில் இருந்தது. காற்றுக்குச் சம்மாட்டி, காய்ச்சலுக்குப் பரியாரி, கடிக்கு விஷக்கடி வைத்தியர். சம்மாட்டியார் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரும் அவரிடம் மருந்து கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இன்றைக்கு ஒருவரிடம் மருத்துவப் பட்டம் இருந்தால் அரசியல், பூகம்பம், பயிர்நோய் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. கேட்க நாமும் வரிசையில் நிற்கிறோம். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் அது எந்தத் துறையின் அங்கி என்று கேட்க மறந்துபோகிறது.

1964 டிசம்பர் 22இல் இந்தப் பக்கத்தைக் கடந்து போன சூறாவளிதான் அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. நான் அப்போது கைக்குழந்தை. வாப்பா அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல்நாள் காற்றே இல்லையாம். ஆனால் அலை மட்டும் கனத்து, இடைவெளி விட்டு விட்டு, ஏதோ பாரத்தைச் சுமந்து வருவதுபோல் வந்து விழுந்ததாம். சம்மாட்டியார் தோணிகளைத் தென்னைகளுக்கு அப்பால் இழுத்துக் கட்டச் சொன்னார். காரணம் கேட்டவனுக்கு, “காத்தில்லாம இந்த அலைய ஆர் அனுப்புற?” என்று திருப்பிக் கேட்டாராம். தொலைவில் சுழலும் புயல் எழுப்பும் நெடிய அலைகள் புயலைவிட வேகமாக ஓடிவந்து கரையைத் தொடும் என்பதை நான் பின்னால் பாடப்புத்தகத்தில் படித்தேன். சம்மாட்டியாருக்கு அது கண்ணால் தெரிந்திருந்தது. கேட்டவனுக்குக் காரணத்தையும் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது.

யுத்தம் வந்தபோது செய்தி உயிர்ப் பிரச்சினையானது. பாதை திறந்திருக்கிறதா, எந்தப் பக்கம் ஷெல் விழுகிறது, யாரை எங்கே பிடித்தார்கள், இடம்பெயரலாமா இருக்கலாமா? தப்பான செய்தியை நம்பினாலும் ஆபத்து, சரியான செய்தியை நம்பாமல் விட்டாலும் ஆபத்து. எங்கள் வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி. பற்றரி வாங்கக் காசில்லாத நாட்களில் பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் போடுவோம். இலங்கை வானொலி, லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் என்று ஒன்றும் விடாமல் கேட்போம். வன்னியிலிருந்து புலிகளின் குரலும் சில இரவுகளில் இரைச்சலோடு பிடிபடும்.

வாப்பாவும் அடுத்த வீட்டு மாஸ்டரும் திண்ணையில் இருந்து இவற்றை ஒன்றோடொன்று வைத்து உரசிப் பார்ப்பார்கள். மாஸ்டர் திரியாய்ப் பக்கத்துத் தமிழர். அவர்களிடம் எழுதாத விதிகள் இருந்தன. ஒரு தரப்பு எதிரியின் இழப்பைச் சொன்னால் அதில் பாதியைக் கழி. தன் இழப்பைத் தானே ஒப்புக்கொண்டால் அதை அப்படியே எடு, மேலும் கொஞ்சம் கூட்டு. ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தால் செய்தி சொன்னவன் அந்த மண்ணை மிதிக்கவில்லை. இரண்டு எதிரிகளும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது நடந்திருக்கிறது. தமிழோசை சொல்லிவிட்டால் ஊரில் பலருக்கு அது முடிந்த முடிவு. அதன் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றபோது, யுத்த காலத்தில் அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு மூத்தவர் மௌத்தான மாதிரி இருந்தது. ஆனால் மாஸ்டர் தமிழோசையையும் விடமாட்டார். “அவங்களுக்கு இங்க இருந்து ஆர் சொல்லியிருப்பார்?” என்று கேட்பார்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணை நினைவு வந்தது. வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் இணையத் தளங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்று, வடிவமைப்பையும் பெயரையும் பார்த்து அடிக்கடி ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில விநாடியில் பக்கத்தை விட்டு வெளியே வந்து, இதைச் சொல்பவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள் கோட்டைவிட்ட இடத்தில், கைநாட்டுக்கு ஒரு படி மேலே நின்ற என் வாப்பா நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் ஒரு வானொலியை மட்டும் உற்றுக்கேட்டு அதன் குரலில் உண்மையைத் தேடியவர் அல்ல. அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தவர்.

அந்தத் தராசும் ஒரு நாள் கைகொடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காற்றில்லை, கனத்த அலையில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் உடைந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் தெரியும். அதை எங்கள் கரைக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடே அன்று கிடையாது. கடல் வற்றிப் பின்னால் போனது. பாறைகள் தெரிந்தன. மீன் துள்ளியது. பிள்ளைகள் பார்க்க ஓடினார்கள். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இலங்கைக் கரைகளில் கடல் இப்படிப் பின்வாங்கியதாகப் பதிவு உண்டு. அது யாருடைய மூத்தவாப்பாவின் நினைவிலும் இருக்கவில்லை.

ஊர்ப் பெடியன்கள் கிழவர்களைப் பார்த்தார்கள். வாப்பாவைப் பார்த்து, “என்ன காக்கா இது?” என்று ஒருவர் கேட்டார். ஐம்பது வருடம் கடல் பார்த்தவர் சொன்னது இதுதான்: “இத நான் காணல்ல. ஓடுங்க.”

எனக்குத் தெரியும் என்று அவர் அன்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் இதை எழுத இருந்திருக்கமாட்டேன். தெரியாது என்ற அந்தச் சொல்லை நம்பி ஓடினோம். குச்சவெளியிலும் நிலாவெளியிலும் ஓடாமல் போனவர்களை நாங்கள்தான் அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு ஊர் மாறிவிட்டது. யார் “கடல் வருது” என்று கத்தினாலும் ஓடினோம். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை முறையாகவே வந்தது. ஓடினோம். பேரலை வரவில்லை. “பொய்க்கு ஓடவச்சிட்டாங்க” என்று தேநீர்க்கடையில் நானும் சேர்ந்து பேசினேன். அந்த அதிர்வில் நிலத்தட்டுகள் மேல்கீழாக எழும்பாமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, அதனால் கடல் தூக்கி எறியப்படவில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். அளவு தெரிந்த உடனே, உரசலா எழும்பலா என்று தெரியும் முன்பே, சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். சம்மாட்டியார் “வேணாம்” என்ற எத்தனையோ நாட்களிலும் கடல் பொங்கியதில்லை. அவரை நாங்கள் பொய்யர் என்று சொன்னதில்லை. அவரை எங்களுக்குத் தெரியும். திணைக்களத்துக்கு முகம் இல்லை.

முகமில்லாத அதிகாரத்தை நம்பாத பழக்கம் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல, அதற்குக் காரணமும் இருந்தது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற மர்ம மனிதர் கதை கிழக்கெங்கும் பரவியபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் சொல்லச் சொல்ல அச்சம் கூடியது. கிண்ணியாவில் மக்களும் கடற்படையினரும் மோதும் வரை போனது. முப்பது வருடம் யாருடைய மறுப்பை நம்பியும் பலன் காணாத சனம் அந்த மறுப்பை மட்டும் எப்படி நம்பும்?

ஆனால் நிபுணர் என்ற சொல்லே எங்கள் வயிற்றைக் கலக்கிய காலம் 2020தான். கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி அந்த ஏப்ரல் 11இல் வந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. ஏன் எரிக்க வேண்டும் என்றால், புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்று நிபுணர் குழு சொல்கிறது என்றார்கள்.

நாங்கள் மணல் நிலத்துக்காரர். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். பள்ளிவாசலும் மையவாடியும் கிணறும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. அதனால் கோபப்படும் முன் பயப்பட்டோம். உண்மையாக இருந்தால்? எங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் அல்லவா? இஷாவுக்குப் பிறகு ஐந்தாறு பேர் தள்ளித் தள்ளி நின்று இதைப் பேசினோம். அந்தப் பேச்சு எனக்கு வாப்பாவின் திண்ணையைத் திருப்பித் தந்தது. குழுவில் இருப்பவர்கள் யார்? வைரஸைப் படித்தவர்களா, வேறு துறையா? காரணத்தை எழுதி வெளியிட்டார்களா? ஏனைய நாடுகள் அடக்கம் செய்கின்றனவே, அங்கே கிணறுகள் என்னவாயின? ஹொங்கொங்கில் இருக்கும் மலிக் பீரிஸ் இலங்கையில் பிறந்தவர், 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த குழுவை வழிநடத்தியவர். இது நீரால் பரவும் நோயல்ல, வைரஸ் உயிருள்ள கலத்தில்தான் பெருகும் என்று அவர் விளக்கினார். அவர் முஸ்லிமும் அல்ல, இந்த வழக்கில் அவருக்கு வரவும் இல்லை. வாப்பாவின் மூன்றாவது கேள்விக்கு அவர் தேறினார். டிசம்பரில் இன்னொரு நிபுணர் குழுவும் அடக்கம் செய்யலாம் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் தனக்கு ஏற்ற குழுவின் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டது.

அதே டிசம்பரில்தான் கேகாலையில் ஒருவர் கொவிட்டுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. ஒரு பக்கம் சோதித்துப் பார்க்காத பாணிக்கு அத்தனை வரவேற்பு, மறுபக்கம் வைரஸையே வாழ்நாளெல்லாம் படித்தவர்களின் சொல்லுக்குக் கதவடைப்பு. பிறந்து 20 நாளான குழந்தையின் உடலையும் அந்த மாதம் எரித்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சோறு இறங்கவில்லை.

2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள், எல்லா மதத்தவரும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

மன்னிப்பு வரும் முன்பே வேறொரு சேதம் நடந்துவிட்டது. தடுப்பூசி வந்தபோது என் தெருவில் ஒருவர் போடவே மாட்டேன் என்றார். “கபுறடியில பொய் சொன்னவனுகள் ஊசியில மெய் சொல்லுவானுகளா?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஊசியைப் பற்றிச் சொன்னவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் காரணத்தையும் கணக்கையும் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மலிக் பீரிஸை நம்பிய அதே அளவுகோல்தான் இதற்கும். சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் நோய்ப்பட்டு மூன்று வாரம் ஒட்சிசனில் கிடந்தார். பிழைத்தார். அந்த மூன்று வாரமும் அவர் மனைவி எங்கள் வேலியடியில் வந்து நின்று எதுவும் பேசாமல் போவார்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு ஜும்ஆவில் மௌலவி ஹதீஸ் கலையைப் பற்றிப் பேசினார். இமாம் புகாரி ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அதன் இஸ்னாதைப் பார்ப்பார். இவர் இவரிடம் கேட்டார், அவர் அவரிடம் கேட்டார் என்று போகும் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவர் நினைவாற்றல் உள்ளவரா, பொய் சொன்னது உண்டா, முந்தியவரை உண்மையில் சந்தித்தாரா என்று ஆராய ஒரு கலையே வளர்ந்தது. ஒரு கண்ணி அறுந்தால் ஹதீஸ் பலவீனமாகிவிடும். பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. “உங்கட போனில் வாறதுக்கு இஸ்னாத் இருக்கா?” என்று மௌலவி கேட்டார். எனக்குக் கத்தாரில் அறுந்துபோன அந்த நூல் கண்முன் வந்தது. இதை மாஸ்டரின் மகனிடம் சொன்னபோது, அவர்களுடைய சைவ சித்தாந்தத்திலும் காண்டல், கருதல், உரை என்று அளவைகள் உண்டு, உரை என்பது யாரோ ஒருவர் உரைத்தது அல்ல, நம்பத் தகுந்தவர் உரைத்தது என்றார்.

ராத்தாவின் பேத்தி, அன்று மழையில் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளையின் அக்கா, இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன வாடைக் காலத்தில் ஓர் இரவு குடும்பக் குழுமத்தில் ஒரு படம் வந்தது. தொலைக்காட்சி ஒன்றின் சின்னத்தோடு, சிவப்பு எழுத்தில், திருகோணமலைக் கரையோரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை. நான் அங்கேதான் இருந்தேன். ராத்தாவின் கை ஊன்றுகோலைத் தேடியது. பேத்தி படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். மேலே இரட்டை அம்புக்குறி. “மாமா, இது பலபேர் கைமாறி வந்த,” என்றாள். அந்த அம்புக்குறிக்கு அதுதான் அர்த்தம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. படத்தில் திகதி இல்லை. எந்தக் கடலில் எப்போது அதிர்ந்தது என்றும் இல்லை.

அவள் அதோடு விடவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராத்தா வாசலைப் பார்த்தபடி இருந்தார். நான் வேலியைத் தாண்டி மணலுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். வாடைக்குரிய அலை, அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவள் பேசி முடித்திருந்தாள். பிறகு குழுமத்தில் எழுதினாள். எழுதியதை எனக்குக் காட்டினாள், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி. தன் முழுப் பெயரையும் போட்டிருந்தாள். “இரவு 9.40க்கு நான் 117க்கு எடுத்துக் கேட்டேன். எச்சரிக்கை எதுவும் இல்லை என்று சொன்னார்கள். மாமா போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். சந்தேகம் இருந்தால் எனக்கு எடுங்கள்.”

அன்றிரவு அவளுக்குப் பதினொரு அழைப்புகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.